காலியான அறைக்குச் சாவி

ஒலிவ மலை உச்சியில், பரமேறுதல் சிற்றாலயத்தின் வாசலில் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பிப்ரவரி மாதம். முந்தின இரவு பெய்த மழையில் கல்தரை சில்லிட்டுக் கிடந்தது.

“போட்டுக்கோங்க பெரியம்மா, காலு விறைச்சிரும். இங்க யாரும் கழத்தல.”

“கோயிலுக்குள்ள எப்படிடே செருப்போட போறது?”

பெரியம்மாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். “நாசரேத்துல இருந்து நாசரேத்துக்குப் போறேன்” என்று புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளில் இன்றும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பாயில் உட்கார்ந்து ஆராதிப்பவர்கள் உண்டு. வாசலில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் அந்த வெறுங்காலைப் பார்த்தார். பூட்ஸ் காலோடு ஒரு கூட்டம் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சற்றே தாழ்த்தினார். பெரியம்மாவும் ஸ்தோத்திரம் சொல்வதுபோலக் கையைக் கூப்பினாள்.

பெரியவர் முஸ்லிம் என்பதும், நாங்கள் நுழைந்த கட்டடம் ஒரு பள்ளிவாசல் என்பதும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்தது.

சிலுவைப் போராளிகள் கட்டிய எண்கோண மண்டபம் அது. 1187இல் சலாஹுத்தீன் எருசலேமைப் பிடித்த பிறகு முஸ்லிம்கள் கைக்கு வந்தது. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, மேலே குவிமாடம் வைத்து, தெற்குச் சுவரில் மக்கா திசை காட்டும் மாடமும் அமைத்தார்கள். தரையில் சட்டம் கட்டிய ஒரு பாறை இருக்கிறது. ஏசு பரமேறியபோது பதிந்த காலடி என்பது நம்பிக்கை. ஈசா நபி உயிரோடு வானத்துக்கு உயர்த்தப்பட்டார் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கையும்தான். அதனால் காலடியை அவர்கள் அழிக்கவில்லை. பரமேறுதல் திருநாளன்று சபைகள் முற்றத்தில் கூடாரம் அடித்து வழிபாடு நடத்துகின்றன. கூடாரக் கயிறு கட்டுவதற்கான கொக்கிகள் சுற்றுச்சுவரிலேயே இருக்கின்றன. வருஷம் பூராவும் கொக்கிகள் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பின் இருக்கையில் ஒருவர் குரல் உயர்த்தினார். “பள்ளிவாசலுக்கா துட்டு கட்டிட்டுப் போயி ஜெபம் பண்ணோம்? ஐயர் முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?”

எங்கள் சபைப் போதகரான ஐயர் ஜன்னல் வழியாகக் கெத்செமனேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

நாங்கள் நாற்பத்திரண்டு பேர். 2019 பிப்ரவரியில் அம்மான் வழியாக வந்து, பெத்லகேமில் ஒரு மலிவான ஹோட்டலில் மூன்று இரவு தங்கினோம். வழிகாட்டி, அருகில் உள்ள பெய்த் ஜாலா ஊரைச் சேர்ந்த பாலஸ்தீனக் கிறிஸ்தவர். ஓட்டுநர் கிழக்கு எருசலேம் முஸ்லிம். அவரை எங்கள் ஆட்கள் முதல் நாளே “பாய்” ஆக்கிவிட்டார்கள். அப்படியென்றால் என்ன என்று வழிகாட்டி மூலமாகக் கேட்டார். அண்ணன் தம்பி என்று அர்த்தம் என்றேன். அதன் பிறகு அவரும் எங்களையெல்லாம் “பாய்” என்று கூப்பிட ஆரம்பித்தார், பெரியம்மா உட்பட.

நான் பாளையங்கோட்டைக்காரன். முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையம் ஒரு டவுன் பஸ் தூரம். பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வரும். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக் கேக்கும் முறுக்கும் போகும். முப்பது வருஷப் பழக்கத்தில் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு இன்னொருவர் போகாமல் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் வேதத்தில் ஏசுவைப் பற்றி என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்களும் கேட்டதில்லை. கேட்டால் எங்கேயாவது இடிக்கும் என்று இரண்டு பக்கமும் பயம். நல்லிணக்கம் என்று நாம் மேடையில் சொல்வதில் பாதி இந்தப் பயம்தான் என்று இப்போது படுகிறது.

புறப்படுவதற்கு முன் நடந்த ஆயத்தக் கூட்டத்தில் ஐயர் ஆதியாகமத்திலிருந்து ஆகார், இஸ்மவேல் கதையை எடுத்துப் பேசினார். இஸ்மவேலைப் பற்றிய அந்தக் கடுமையான வசனத்தைச் சொல்லி, அங்கே நடக்கும் சண்டைக்கெல்லாம் அதுதான் வேர் என்றார். அதே ஆகாரின் அங்கலாய்ப்பைக் கர்த்தர் கேட்டார் என்று அதற்கு முந்தின வசனத்திலேயே வருகிறது. அதற்கு நேரம் போதவில்லை. எங்களோடு வந்த ஊழியக்காரர் ஒருவர் பெட்டிக்குள் அரபுத் துண்டுப் பிரசுரங்கள் வைத்திருந்தார். வேண்டாம் என்று டூர்காரர்கள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஓட்டுநரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். அவர் ஒலிவ மலை நிறுத்தத்தில் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாரு?” ஊழியக்காரருக்கு ஆவல் தாங்கவில்லை.

“மூன்று இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதாம். அடுத்த தடவை அச்சடிக்கும்போது சொன்னால் திருத்தித் தருகிறாராம்.”

*

பெத்லகேமில் ஏசு பிறந்த இடத்துத் தேவாலயத்துக்கு நேர் எதிரே, சதுக்கத்தின் மறு பக்கம், உமர் பள்ளிவாசல் இருக்கிறது. 1860இல் கட்டியது, நிலத்தைக் கொடுத்தது கிரேக்கச் சபை. நாங்கள் குகைக்குள் இறங்கி, பிப்ரவரி மாதத்தில் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வரும்போது பாங்கு சொன்னார்கள். அது முடியுமுன்னே ஆலய மணி அடித்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. காதுக்கு இனிமையாக இருந்தது என்று சொன்னால் பொய். இரண்டு கல்யாண வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது. கடைக்காரர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் பால் குகை. மரியாளின் தாய்ப்பால் ஒரு துளி சிந்தி, பாறை வெண்மையானதாக ஐதீகம். குழந்தை இல்லாதவர்கள் அந்தக் கல்லின் பொடிக்காக வருகிறார்கள்; முஸ்லிம் பெண்களும் வருவார்கள் என்றார் வழிகாட்டி. சீர்திருத்தச் சபை ஆட்களான எங்களுக்கு இதெல்லாம் ‘ரோமன்’ விவகாரம். ஆனால் பெரியம்மாவுக்குக் கேள்வி பிறந்துவிட்டது.

“அவங்களுக்கு மாதாகிட்ட என்ன சோலி?”

குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர் என்றும், அந்த வேதம் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான் என்றும் வழிகாட்டி சொன்னார். கன்னியாகக் கருவுற்றதும் அதில் இருக்கிறது என்றார். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “வேளாங்கண்ணிக்கு அத்தனை துலுக்கப் பொம்பளையாளு வரும்போதே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள். வேளாங்கண்ணிக்கும் நாகூர் தர்காவுக்கும் ஒரே நாளில் போய்வரும் பஸ் கூட்டத்தில் எந்தச் சமயத்தார் எத்தனை பேர் என்று நம்மூரில் யார் எண்ணினார்கள்?

வழிகாட்டியிடம் தனியாகப் பேசியபோது வேறொரு குரல் வந்தது. அவர் தாத்தா காலத்தில் பெத்லகேமில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை, இன்று சிறுபான்மை. மதில், சோதனைச்சாவடி, வேலையின்மை, வெளிநாட்டில் குடியேறிய உறவினர்கள் என்று காரணங்களை அடுக்கினார். முஸ்லிம் அண்டை வீட்டார் பற்றிக் கேட்டேன். “நல்லது பொல்லாததுக்கு முதலில் ஓடி வருவது அவர்கள்தான். ஆனால் எண்ணிக்கையில் சிறுத்துப்போகிறவனுக்கு மனசில் ஒரு பயம் இருக்கும். அதை அவர்களிடம் சொல்ல முடியாது. உங்களிடமும் முழுக்கச் சொல்ல மாட்டேன்” என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. குஜராத்திலோ ஒடிசாவிலோ இருக்கும் ஒரு கிறிஸ்தவரிடம் வெளிநாட்டுப் பயணி இதே கேள்வியைக் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும்.

அன்று இரவு ஹோட்டல் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் போப் பிரான்சிஸ். அபுதாபியில், அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்தய்யிபோடு மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். பிப்ரவரி 4. அரபுத் தீபகற்பத்தில் ஒரு போப் கால் வைத்தது அதுவே முதல் தடவை. சாப்பாட்டுத் தட்டோடு நின்று பார்த்த எங்கள் ஆட்களுக்கு அது பெரிதாக ஒட்டவில்லை. “கடைசி காலத்துல ஒரே மதம் வரும்னு வேதத்துல இருக்கு” என்றார் ஊழியக்காரர். ஓட்டுநர் தேநீரைக் குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

*

அடுத்த நாள் காலை ஒரு சலசலப்பு. ஹோட்டலுக்கு எதிரே இருந்த அரபுக் கிறிஸ்தவ ஆலயத்தில் வழிபாட்டுக்குப் போனவர்கள் முகம் சிவந்து திரும்பினார்கள். அங்கே குருவானவர் ‘அல்லாஹ்’ என்று ஜெபித்தாராம்.

வழிகாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேறெப்படிச் சொல்வது? எங்கள் வேதாகமத்தில் கடவுளுக்கு அதுதானே சொல்?”

நான் மலேசியாவை நினைத்துக்கொண்டேன். அங்கே கத்தோலிக்க வார இதழான ஹெரால்டு தன் மலாய்ப் பக்கங்களில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த வழக்கு 2014இல் கூட்டரசு நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. அதே இதழில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. அவற்றில் ‘இறைவன்’ யாருக்கும் உறுத்தவில்லை. ஓரிடத்தில் இந்தச் சொல் எங்களுடையது, நீ தொடாதே என்கிறார்கள். இன்னோரிடத்தில் இது அவர்களுடையது, நீ ஏன் தொட்டாய் என்கிறோம்.

தமிழில் நாம் மட்டும் என்ன, கடவுளுக்குப் புதுச்சொல்லா காய்ச்சினோம்? தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். ஃபாப்ரிசியஸ் தம் வேதாகமத்தில் பராபரன் என்றே எழுதினார். குணங்குடி மஸ்தான் சாகிபும் ஒரு பராபரக்கண்ணி பாடினார். சைவர், லுத்தரன் பாதிரியார், சூஃபி மூவருக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. சொன்ன பொருள் மட்டும் ஒன்றல்ல. மஸ்தான் சாகிபின் பராபரன் யாருக்கும் தகப்பன் அல்ல; ஃபாப்ரிசியஸின் பராபரன் தன் ஒரே குமாரனை அனுப்பியவன். இந்த இடத்தில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று முதுகில் தட்டிக்கொடுப்பது இரண்டு பேரையுமே வாசிக்காதவன் செய்யும் வேலை.

*

அன்று மத்தியானம் எல்லோரும் ஒலிவ மரச் சிலை வாங்கக் கடைக்குப் போனபோது நானும் இன்னும் இருவரும் ஒரு டாக்சி பிடித்து மார் சாபா மடத்துக்குப் போனோம். பெரியம்மாவும் வருவதாகச் சொன்னாள். பெண்களுக்கு உள்ளே அனுமதியில்லை என்றதும், “அப்போ சாமியாருங்கள பெத்தது யாராம்?” என்று கேட்டுவிட்டுக் கடைக்கே போய்விட்டாள்.

உபைதிய்யா என்ற முஸ்லிம் ஊரைத் தாண்டினால் யூதேயப் பாலைநிலம் திறந்துகொள்கிறது. கெதரோன் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது மடம். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சாபா துறவி தொடங்கியது. கீழே ஓடும் கெதரோனில் எருசலேமின் சாக்கடை வந்துகொண்டிருந்தது. அத்தனை அழகையும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது.

நான் அங்கே போனது தமஸ்கு யோவானுக்காக. எட்டாம் நூற்றாண்டில் இஸ்லாத்தைப் பற்றி எழுதிய முதல் கிறிஸ்தவ இறையியலாளர்களில் ஒருவர். தமஸ்கு நகரம் முஸ்லிம் படையிடம் சரணடைந்தபோது பேச்சு நடத்தியவர் அவருடைய பாட்டனார் என்கிறார்கள். தகப்பனார் உமய்யா கலீபாக்களின் வரிக் கணக்கைப் பார்த்தவர். அரண்மனைக் குடும்பத்தில் பிறந்து, பின்னால் துறவியானார். மரபு அவரை இந்த மடத்தோடு இணைத்துச் சொல்கிறது. திருச்சபை கண்ட தப்பறைகளைப் பட்டியலிடும் நூலில் கடைசி இடத்தை இஸ்மவேலரின் மார்க்கத்துக்குக் கொடுத்தார். நபியைப் பற்றி அவர் எழுதியது கேலியும் கடுப்பும் கலந்தது. இன்று ஒரு மேடையில் வாசித்தால் கலவரம் வரும். ஆனால் அவர் அதை வேற்று மதமாகக் கொள்ளவில்லை. நம் வீட்டிலிருந்து வழிதவறிப் போன பிள்ளை என்ற கோபம்தான் அதில் தெரிகிறது. கோபத்துக்குப் பின்னால் அவர் ஓரளவு வாசித்தும் இருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. அதே காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் மூன்றாம் லியோ, ஆலயத் திருவுருவங்களை உடைக்கச் சொல்கிறார். திருவுருவங்களுக்காக வாதாடி யோவான் பேரரசரையே எதிர்த்து எழுதுகிறார். 754இல் பேரரசின் ஆயர்கள் கூடி அவரைச் சபித்தார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். யோவான் வாழ்ந்தது கலீபாவின் ஆட்சியில். கிறிஸ்தவ அரசரின் கை அங்கே எட்டாது. தாம் கடிந்து எழுதிய மார்க்கத்தாரின் நிழலில் இருந்துதான் தம் சபையின் திருவுருவங்களை அவர் காப்பாற்றினார். இதைப் பற்றி அவரே என்ன நினைத்தாரோ!

மடத்தில் ஒரு கிரேக்கத் துறவி அவருடைய அறையைக் காட்டினார். மூன்று பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும். திரும்பும் வழியில் டாக்சிக்காரர், உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். எழுத்தாளர் ஒருவருடைய அறை என்றேன்.

*

கடைசி மாலை எருசலேமின் கல்லறைத் தேவாலயம். குளிர்காலத்தில் ஏழு மணிக்கே அடைத்துவிடுகிறார்கள். மற்றவர்களை ஐயர் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். பெரியம்மாவும் நானும், எங்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பில் வழிகாட்டியும் ஓட்டுநரும் மட்டும் முற்றத்தில் நின்றோம்.

இந்த ஆலயத்தின் சாவி ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. திறந்து அடைக்கும் உரிமை நுசைபா என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. சலாஹுத்தீன் காலத்திலிருந்து என்பது ஒரு குடும்பத்தின் கணக்கு. கலீபா உமர் காலத்திலிருந்தே என்பது மற்றதன் கணக்கு. உள்ளே ஆறு சபைகளுக்குப் பங்கு இருக்கிறது. எந்தத் தூணை யார் துடைப்பது, எந்த விளக்கை யார் ஏற்றுவது என்பதெல்லாம் உதுமானியர் காலத்து ஏற்பாட்டின்படி நடக்கிறது. 2008இல் ஆர்மீனியத் துறவிகளும் கிரேக்கத் துறவிகளும் இதற்குள் கைகலந்து, போலீஸ் வந்து விலக்கியது. ஒருவர் கையில் சாவி போனால் மற்றவர் தூங்க மாட்டார்.

“நம்ம கோயில் சாவி மேலப்பாளையத்து பாய் வீட்டுல இருந்தா விடுவாங்களாடே?” என்றாள் பெரியம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, “திருமண்டலத் தேர்தல் சமயத்துல மட்டும் குடுத்து வைக்கலாம்” என்றாள்.

உமர் இந்த வாசலுக்கு வந்த கதையை எழுதி வைத்தது பத்தாம் நூற்றாண்டின் ஒரு கிறிஸ்தவ முதுபெருந்தந்தை, யூத்திகியஸ். 638 வாக்கில் நகரம் சரணடைந்த பிறகு, முதுபெருந்தந்தை சோஃப்ரோனியஸ் கலீபாவுக்கு ஆலயத்தைச் சுற்றிக் காட்டுகிறார். தொழுகை நேரம் வருகிறது. இங்கேயே தொழலாமே என்கிறார். உமர் மறுத்து, வெளியே படிக்கட்டில் தனியாகத் தொழுகிறார். உள்ளே தொழுதால், உமர் தொழுத இடம் என்று சொல்லிப் பின்னால் வருகிறவர்கள் ஆலயத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அப்படியே நடந்ததா, மரபுக் கதையா என்று வரலாற்றாளர்கள் விவாதிக்கலாம். ஒரு கிறிஸ்தவர் அரபியில் அதை எழுதிப் பாதுகாத்தார் என்பதே எனக்குப் போதும். உமர் சொன்ன காரணம் தம்மவர் பலவீனம் தெரிந்த ஒருவரின் பேச்சு.

இந்தக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. 1009இல் ஃபாத்திமிய கலீபா அல்ஹாக்கிம் இந்த ஆலயத்தைத் தரைமட்டமாக்கினார். 1099இல் சிலுவைப் போராளிகள் நகரத்துக்குள் புகுந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்துவிட்டு இங்கே வந்து நன்றி ஜெபம் செய்தார்கள். அரபுக் கிறிஸ்தவர்கள் இதைக் ‘கியாமா’ ஆலயம், அதாவது உயிர்த்தெழுதல் ஆலயம் என்கிறார்கள். இடைக்கால முஸ்லிம் எழுத்தாளர்கள் ஒலியைக் கொஞ்சம் திருகி ‘குமாமா’ என்றார்கள். குப்பைமேடு என்று பொருள். எங்கள் ஓட்டுநர் கியாமா என்றுதான் சொன்னார்.

பழுப்பு அங்கி போட்ட பிரான்சிஸ்கன் துறவிகள் இருவர் எங்களைக் கடந்து உள்ளே போனார்கள். அவர்களுடைய குரு அசிசி பிரான்சிஸ் 1219இல், ஐந்தாம் சிலுவைப் போரின் நடுவே, எகிப்தின் தமியெத்தாவில் போர்க்களத்தைத் தாண்டிச் சுல்தான் அல்காமிலைப் பார்க்கப் போனார். சுல்தான் மதம் மாறவில்லை; பிரான்சிஸ் உயிரோடு திரும்பினார். இரண்டு வருஷம் கழித்துத் தம் சகோதரர்களுக்கு எழுதிய விதிகளில், முஸ்லிம்கள் நடுவே போய் வாழ இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, வாக்குவாதம் பண்ணாமல், எல்லோருக்கும் பணிந்து, நான் கிறிஸ்தவன் என்பதை மறைக்காமல் இருப்பது. பிரசங்கம் இரண்டாவது, அதுவும் தேவனுக்குச் சித்தம் என்று தெரிந்தால். முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று வத்திக்கான் சங்கம் ஏட்டில் எழுத 1965 ஆயிற்று. எங்கள் சீர்திருத்தச் சபைகளில் பிரசுரங்கள் அடுக்கின பெட்டிகளுக்கு மேல் இன்னும் அந்த முதல் வழிக்கு இடம் கிடைக்கவில்லை.

உள்ளிருந்து கடைசி யாத்ரிகர்கள் வந்தார்கள். எனக்கு ஒரு கேள்வி தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. முப்பது வருஷமாக மேலப்பாளையத்தில் கேட்காத கேள்வி. ஓட்டுநரிடம் கேட்டேவிட்டேன். ஈசா சிலுவையில் சாகவில்லை என்றுதானே உங்கள் வேதம் சொல்கிறது? அப்படியானால் இந்தக் கல்லறையில் அவரை யாரும் வைக்கவே இல்லை. பிறகு இந்தக் கதவை இத்தனை நூற்றாண்டாக ஏன் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

வழிகாட்டி மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினார். ஓட்டுநர் சங்கடப்படவில்லை. கையை விரித்துச் சொன்னார்: “உள்ளே யாரும் இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்.”

வழிகாட்டி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. “அவர் எந்திரிச்சதுனால இல்ல. இவங்களுக்கு, வைக்காததுனால இல்ல. ரெண்டும் ஒண்ணா?” என்றாள்.

“இல்ல பெரியம்மா.”

“அதச் சொல்லிரு அவர்ட்ட. மரியாதையாச் சொல்லு.”

சொன்னேன். ஓட்டுநர் பெரியம்மாவைப் பார்த்து, “தெரியும், பாய்” என்றார்.

கதவை இழுத்தார்கள். ஒரு மர ஏணி சாத்தியிருந்தது. காவல் குடும்பத்தின் ஆள், கோட்டும் மப்ளருமாக ஏறி மேல் பூட்டைப் பூட்டினார். இரும்புச் சாவி ஒரு சாணுக்கு மேல் இருக்கும். இறங்கிக் கீழ்ப் பூட்டையும் பூட்டினார். கதவில் ஒரு சின்னத் திட்டிவாசல் திறந்தது. இரவெல்லாம் உள்ளே தங்கும் துறவிகளில் ஒருவரின் கை வெளியே நீண்டது. இவர் ஏணியைத் தூக்கிக் கொடுத்தார். அந்தக் கை அதை உள்ளே இழுத்துக்கொண்டது. காலையில் அதே துவாரம் வழியாக அவர்கள் ஏணியை வெளியே நீட்டினால்தான் இவரால் ஏறித் திறக்க முடியும்.

திட்டிவாசல் மூடிக்கொண்டது. முற்றத்தில் பூனை ஒன்றும் நாங்களும்தான் மிச்சம். பெரியம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, எப்போது கழற்றினாளோ, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.